மறு: ஏற்றத்தில் படுத்துவிடும் மின்கலத்துக்குச் சொல் – ‘தொய்வு’

அன்பர்களுக்கு வணக்கம்.

சுமை ஏறும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் இறங்கி, சுமை நீங்கியதும் மீள்வதை ஆங்கிலத்தில் ‘வோல்டேஜ் சேக்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு ‘மின்னழுத்த வீழ்ச்சி’ போதும் என்று இந்த இழையை முடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். தயவுசெய்து முடிக்க வேண்டாம். அந்தச் சொல் எங்கள் ஊரில் ஒருவருக்கு 180 ரிங்கிட் செலவு வைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டு மாமா செம்பனைக் குலை அறுத்து ஓய்வு பெற்றவர். பழைய சைக்கிளின் பின்சக்கரத்தில் மோட்டார் பொருத்தினார். பழைய மடிக்கணினிகளில் இருந்து கழற்றிய மின்கலங்களை நான்கு நான்காகப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படி 13 தொகுதிகளைத் தொடராக்கி, 48 வோல்ட் பெட்டி ஒன்றை மகனோடு உட்கார்ந்து கட்டினார். சமதரையில் வண்டி பறந்தது. தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் செம்மண் ஏற்றத்தில் மட்டும் வெட்டி வெட்டி இழுத்துப் பாதியில் நின்றது. இறங்கிப் பார்த்தால் கைப்பிடித் திரையில் மின்கலம் பாதிக்கு மேல் நிறைந்திருப்பதாகக் காட்டும்.

பட்டணத்துப் பட்டறை ஒன்றில் போய், “ஏறும்போது வோல்ட் விழுகிறது” என்று மாமா சொன்னார். அங்கே நின்ற வண்டியில் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள், 49.5 வோல்ட். எதுவும் விழவில்லை, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை அளந்து விடும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் கெட்டிருக்கிறது என்று புதியதை மாட்டி அனுப்பினார்கள். வண்டி அதே ஏற்றத்தில், அதே வேப்பமரத்தடியில் நின்றது.

பிறகு மீட்டரைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். மோட்டார் 20 ஆம்பியர் இழுத்தபோது மின்கலப் பெட்டியின் முனையில் 41.5 வோல்ட்தான் இருந்தது. 42க்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தும்படி கட்டுப்பாட்டுப் பெட்டி அமைந்திருக்கிறது. நிறுத்தியதும் சுமை போய்விடும், மின்னழுத்தம் 49க்கு மேல் எழும், மோட்டார் மறுபடி ஓடும், மறுபடி இறங்கும். வண்டி வெட்டியதற்குக் காரணம் இதுதான். இறங்கிய 8 வோல்ட்டை 20 ஆம்பியரால் வகுத்தால் 0.4 ஓம். மின்கலத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை இது; தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘அகமின்தடை’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘அகத்தடை’ என்றும் சொல்வது இதைத்தான். ஒன்றுக்கு 30 மில்லிஓம் உள்ள நல்ல மின்கலங்களாக இருந்தால் இதே அடுக்கில் ஏறக்குறைய 0.1 ஓம் வரும். 2 வோல்ட் மட்டுமே இறங்கும். மாமாவின் பெட்டியிலோ ஏறும் நேரமெல்லாம் 160 வாட் வெப்பமாக உள்ளேயே எரிந்தது. தொட்டுப் பார்த்தபோது எனக்குப் பயமாகிவிட்டது.

கட்டுப்பாட்டுப் பெட்டியின் வாயிலில் அளந்தபோது 41 வோல்ட். வழியில் உள்ள கம்பியும் இணைப்பியும் தின்றது அரை வோல்ட். என் வாதத்துக்கு இந்த அரை வோல்ட் முக்கியம். கம்பியில் இழப்பதற்குத்தான் ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்ற பெயர் ஏற்கெனவே பாடநூலில் நிலைத்திருக்கிறது. மலேசியாவில் நாங்கள் ஆறாம் ஆண்டு வரை தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளியில் இதை மலாயில் ‘கெஜாத்துஹான் வோல்தான்’ என்று படித்தோம், அதுவும் வீழ்ச்சிதான். கம்பியில் வீழ்ச்சி என்றால் தடித்த கம்பி போட வேண்டும், இணைப்பியை மாற்ற வேண்டும். மின்கலம் இறங்கினால் அந்த வேலை எதுவும் உதவாது. இரண்டு பழுதுக்கும் ஒரே பெயரை வைத்தால் பழுது பார்ப்பவரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறோம்.

> ‘மின்னழுத்தச் சரிவு’ என்று வைத்தால் என்ன?

சைக்கிள் ஓட்டுகிறவருக்குச் சரிவு என்றால் சாலை. “சரிவில் சரிவு குறைவு” என்று ஒரு கையேட்டில் எழுத வேண்டி வந்தால் என்ன செய்வோம்? ‘இறக்கம்’ என்பதற்கும் இதே தடை உண்டு. ‘துவளல்’ அழகான சொல்தான், ஆனால் துவண்ட செடி நீர் ஊற்றினால்தான் நிமிரும். மின்கலம் சுமையை எடுத்த நொடியே நிமிர்கிறது.

எனக்குத் ‘தொய்வு’ தோன்றியது அம்மாவால். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நிறுவைக்குப் போவார்கள். வாளி நிறைந்தால் கம்பு தொய்யும். இறக்கி வைத்தால் நிமிரும். “புதுக் கம்பு முழு வாளிக்கும் கொஞ்சம்தான் தொய்யும், பழைய கம்பு அரை வாளிக்கே தொய்ந்துவிடும்” என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்கலத்தின் குணம் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. சுமை கூடினால் தொய்வு கூடும்; வயதானால் அகமின்தடை ஏறி, குறைந்த சுமைக்கே தொய்யும்; சும்மா சாத்தி வைத்த கம்பைப் பார்த்து அதன் வலுவைச் சொல்ல முடியாது. பட்டறையில் நின்ற வண்டியில் மீட்டர் வைத்தது சாத்தி வைத்த கம்பைப் பார்த்த கதைதான்.

> யாழ்ப்பாணத்தில் தொய்வு என்றால் ஆஸ்துமா. நோயாளி ஞாபகம் வரும்.

இந்த மறுப்பை மதிக்கிறேன். இரண்டு நாள் யோசித்தேன். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கி, நின்றால் தணிவதும் ஆஸ்துமாக்காரர்கள் பலருக்கு உள்ளதுதான். ஆகவே அந்த ஞாபகம் பொருளைக் கெடுக்கவில்லை. ஆனாலும் தனிச்சொல்லாக விடாமல் ‘மின்கலத் தொய்வு’ என்று கூட்டிச் சொன்னால் எந்த நாட்டிலும் குழப்பம் வராது.

‘மின்னழுத்தத் தொய்வு’ என்னாமல் ‘மின்கலத் தொய்வு’ என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்வாரியப் பொறியாளர்களும் ‘சேக்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் 1159 தரநூலில் அது மாறுமின்னோட்ட வலையில் அரைச் சுற்று முதல் ஒரு நிமிடம் வரை மின்னழுத்தம் இயல்பளவின் 10 முதல் 90 விழுக்காடாகக் குறைவதைக் குறிக்கும். அவர்களுக்கு ‘மின்னழுத்தத் தொய்வு’ என்பதை விட்டுக்கொடுப்போம். நம் சொல்லில் எது தொய்கிறது என்பது தெரிய வேண்டும். மீட்டரை எங்கே வைப்பது என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

வினையாகவும் நன்றாக வளைகிறது: மின்கலம் தொய்கிறது, தொய்ந்தது, தொய்ந்து மீண்டது. எத்தனை வோல்ட் என்பதற்குத் ‘தொய்வளவு’. மாமாவின் பெட்டியில் தொய்வளவு 20 ஆம்பியருக்கு 8 வோல்ட்.

திரை முழுவதும் அணைந்துபோகும் பழுதை இதோடு சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் அப்போது மின்கலப் பெட்டிக்குள் இருந்து மின்கலங்களைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்சுற்றுப் பலகையே மின்சாரத்தை வெட்டியிருக்கும். ஏதோ ஒரு தொகுதி மட்டும் அளவுக்கு மீறித் தொய்ந்ததால் வெட்டியிருக்கலாம். அந்த வெட்டுக்குத் தனிச்சொல் வேண்டும். அதைத் தனி இழையில் பேசுவோம்.

மாமாவுக்குப் புதிய மின்கலம் வாங்க இப்போது வசதி இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்னோட்ட உச்சத்தை 20 ஆம்பியரில் இருந்து 12 ஆகக் குறைத்து வைத்தோம். தொய்வளவு 4.8 வோல்ட்டாகச் சுருங்கியது, முனையில் 44.7 நிற்கிறது. மெதுவாக, மிதித்துக்கொண்டே, நிற்காமல் கோயில் வரை ஏறுகிறார். நேற்று வாசலில் நின்று, “பாதிப் பெட்டிக்குக் கீழே போனால் மறுபடி தொய்யுமா?” என்று கேட்டார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது காதில் விழுந்த சொல். தொய்யும் என்றேன்.

பட்டியலில் சேர்க்க நான் முன்மொழியும் பதிவு இது:

மின்கலத் தொய்வு: சுமை ஏறும்போது அகமின்தடையால் மின்கல முனையின் மின்னழுத்தம் இறங்குவதும், சுமை நீங்கியதும் மீள்வதும். கம்பியில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சி இதில் சேராது.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இரும்புப் பாஸ்பேட் மின்கலம் வைத்திருப்பவர்கள் சுமையில்லாமலும் சுமையோடும் ஒருமுறை அளந்து, தொய்வளவை ஆம்பியரோடு சேர்த்து இதே இழையில் போட்டால் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.