ஃபாடர் பீட்டில் முதல் குளிர்காலம்: நாலாம் நாளே ஒரு மாடு போச்சு, எங்கே தப்பு?

வின்டன்_கொங்கன்

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கமுங்க. நியூசிலாந்து சவுத்லேண்ட்ல, வின்டன் பக்கத்துல ஒரு பண்ணையில டெய்ரி அசிஸ்டன்ட்டா இருக்கறேன். சொந்த ஊரு கோபி பக்கம். வீட்ல நாலு மாடு. இங்க என் பொறுப்புல மட்டும் 200, எல்லாம் சினை மாடு.

போன வருசம் வேற பண்ணையில கேல் (முட்டைக்கோஸ் சாதிக் கீரை) மேய்ச்சோம், வம்பே இல்லை. இந்த வருசம் இங்க ஃபாடர் பீட், மாட்டுத் தீனிக்குன்னு போடற பீட்ரூட் சாதிக் கிழங்கு. மே கடைசில பால் வத்த விட்டுட்டு, மாட்டை பீட் பேடக்ல (வேலி போட்ட வயல்ல) இறக்கிட்டோம். முதலாளி கணக்கு போட்டுக் குடுத்தார்: ஹெக்டேருக்கு 20 டன் ட்ரை மேட்டர் (தண்ணி நீக்கின எடை), அதாவது சதுர மீட்டருக்கு 2 கிலோ. பேடக் அகலம் 200 மீட்டர். முதல் ரெண்டு நாள், மாட்டை மறிக்கற கரண்ட் கம்பியை தினம் 1 மீட்டர் தள்ளு, மாட்டுக்கு 2 கிலோ. அடுத்த ரெண்டு நாள் ஒன்றரை மீட்டர், 3 கிலோ. மேல பேலேஜ் (உருளையா சுத்திப் புளிக்க வெச்ச புல்). அவர் சொன்னதை விரல்கடை பிசகாம செஞ்சேனுங்க. கரண்ட் கம்பி எங்கயும் அறுகலை, சாயலை. ஒரு மாடு கூட தாண்டலை.

நாலாம் நாள் காலையில ஏழரைக்குப் போறேன். இங்க ஜூன்ல எட்டரைக்குத்தான் விடியும், ஹெட்லைட் வெளிச்சத்துல பாத்துட்டே நடக்கறேன். கீழ்க்கோடில ஒரு மாடு தனியா நிக்குது. காது தொங்கிருச்சு, அசை போடலை. பின்னங்கால்ல சாம்பக் கலர்ல கழிச்சல் வழிஞ்சு, அதுல நுரை. தட்டிப் பாத்தா ரெண்டு எட்டு வெச்சுது, குடிச்சவன் மாதிரி தள்ளாடி உக்காந்துருச்சு. டாக்டர் வந்து மருந்து ஊத்தினார். மத்தியானத்துக்குள்ள போயிருச்சு. 67ஆம் நம்பர் மாடு. கழுத்தை நீட்டி சொறிஞ்சு விடச் சொல்லி நிக்கும்.

முதலாளி "இட் ஹேப்பன்ஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு மனசு ஆறலை. அளவு தவறலை, வேலி தவறலை, பின்ன எப்படி? இன்னும் ஆறு மாடு கழிஞ்சுட்டு இருக்குது. நாளைக்கு கம்பியை இன்னும் தள்ளணும்ங்கறார். தள்ளலாமா?

---

பல்க்ளூத்தா_அண்ணன்

தம்பி, நாளைக்குத் தள்ளாதே. கழியற ஆறையும் பீட்டை விட்டு வெளிய எடுத்து வெறும் பேலேஜும் வைக்கோலும் போடு, டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் உள்ளே விடு. மத்ததுக்கு அளவை ஒரு படி குறை. முதலாளி முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

எனக்கு இது ஒன்பதாவது குளிர்காலம். நீ எழுதாம விட்ட ஒண்ணைக் கேக்கறேன். கம்பியை முதல்ல தள்ளினியா, பேலேஜை முதல்ல போட்டியா? புதுசா வர்ற பசங்க எல்லாரும் கம்பியைத் தள்ளிட்டுத்தான் டிராக்டர் எடுக்கப் போவாங்க. அதுக்குள்ள பசியில நிக்கற மாடு கிழங்கு மேல விழும். முதல்ல நார்த் தீனி. வயிறு பாதி நிறைஞ்சு, நின்னு நிதானமா மெல்ல ஆரம்பிக்கணும். அப்புறம்தான் பிரேக், அதாவது அன்னைக்குத் திறந்து விடற பீட் துண்டு. அந்த அரை மணி நேரம் தாமதத்துலதான் உயிர் இருக்கு.

ரெண்டாவது, 200 மாட்டுக்கு 200 மீட்டர்னா தலைக்கு 1 மீட்டர், அது சரி. ஆனா எல்லா மாடும் சமமா தின்னும்னு காகிதம்தான் சொல்லும். தாட்டியான மாடு பக்கத்துல இருக்கறதை முட்டித் தள்ளிட்டு ரெண்டு பங்கு தின்னும், கிடேரி பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கும். உன் 67 பெரிய மாடுதானே? நினைச்சேன்.

எங்க பண்ணையில 2 கிலோவுல ஆரம்பிச்சு ரெண்டு நாளைக்கு ஒரு கிலோ ஏத்துவோம். 8 கிலோவைத் தொட ரெண்டு வாரம், மழை பெஞ்சா மூணு வாரம் ஆகும். ரெண்டு மாசத் தீனியில ஆபத்து பூரா இந்த ரெண்டு வாரத்துலதான். அப்புறம் பீட் மாதிரி சொகுசு கிடையாது, மாடு கரகரன்னு மென்னுட்டு நிக்கும், மிச்சமே வைக்காது.

கேல்தான் நல்லதுன்னு யாராவது வந்து சொல்லுவாங்க பாரு. கேல்லயும் நைட்ரேட் விஷம் இருக்கு, ரத்தம் சிவப்பா மூத்திரத்துல போற நோய் இருக்கு. சும்மா வர்ற தீனின்னு ஒண்ணும் இல்லை.

---

லிங்கன்_அக்கா

நாமக்கல்ல கால்நடை மருத்துவம் படிச்சுட்டு இப்போ கேன்டர்பரியில, லிங்கன்ல தீவன ஆராய்ச்சியில இருக்கேன். தம்பி, உனக்கு இந்த நோய் புதுசில்ல. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நம்ம ஊர் ஆஸ்பத்திரி வாசல்ல வரிசையா நிக்குமே, ஆசையா ஒரு அண்டா பொங்கலை வெச்சுட்டு, வயிறு உப்பின மாட்டை டெம்போவுல ஏத்திட்டு வருவாங்களே, அதேதான் இது. அங்க அரிசி, இங்க கிழங்கு.

பீட் கிழங்கோட ட்ரை மேட்டர்ல பாதிக்கு மேல சர்க்கரை. புல் தின்னு பழகின வயித்துல இருக்கற நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு அவ்வளவு சர்க்கரையைக் கையாளத் தெரியாது. வேகமா பெருகற கிருமிகள் அதை லாக்டிக் அமிலமாக்கிடும். அந்த அமிலத்தைத் தின்னு தீர்க்கற கிருமிகள் பெருக ரெண்டு மூணு வாரம் வேணும். அதுக்கு முன்னாடி அளவு மீறினா முதல் வயிறு புளிச்சு, உள்தோல் வெந்து, ரத்தத்துலயும் அமிலம் ஏறிடும். நுரைக் கழிச்சலும் தள்ளாட்டமும் அதனால. ஒண்ணு செத்து ஆறு கழியுதுன்னா, வெளிய தெரியாம வயிறு புண்ணான மாடு இன்னும் இருக்கும்னு வெச்சுக்கோ.

இப்போ கணக்குக்கு வருவோம். எனக்கு சந்தேகம் அந்த 20 டன் மேல. யாரு, எப்போ, எத்தனை இடத்துல அளந்தாங்க? பீட் இலையுதிர்காலம் பூரா வளரும். ஏப்ரல்ல அளந்தது ஜூனுக்கு உதவாது. கிழங்குல ட்ரை மேட்டரும் ரகத்துக்கு ரகம் மாறும், 12 சதவீதமும் உண்டு, 20ம் உண்டு. விளைச்சலைக் குறைச்சு மதிப்பிட்டா கம்பி சரியான இடத்துல நிக்கும், மாடு மட்டும் அதிகமா தின்னிருக்கும். உன் கதை அப்படித்தான் எனக்குப் படுது. வரிசை இடைவெளி அரை மீட்டர்னா 2 மீட்டர் வரிசையைத் தோண்டினா ஒரு சதுர மீட்டர். நாலு இடத்துலயாவது தோண்டி, மண்ணைத் தட்டி, கிழங்கு தனி இலை தனியா எடை போடு. எடை வர்றவரை கம்பியைத் தொடாதே.

இன்னொண்ணு. கிழங்குல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி, புரதமும் கம்மி. பனியில இலை கருகக் கருக புரதம் இன்னும் இறங்கும். அதனால பேலேஜ் மேல டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) தூள் தூவணும், இல்லைன்னா ஆகஸ்ட்ல கன்னு போடும்போது எழ முடியாத மாடு வரும். இப்போ தின்னதுக்கு அப்போ பில் வரும். கன்னு போடும்போது பெரிய மாடு பாடி கண்டிஷன் ஸ்கோர் (சதைப் பிடிப்புக்குப் போடற மார்க்) 5, முதல் ரெண்டு ஈத்து மாடு 5.5 இருக்கணும். இங்க அளவு பத்துக்கு, நம்ம ஊர் மாதிரி அஞ்சுக்கு இல்லை.

பீட்டும் கேலும் போட்டு மந்தைகளை ஒப்பிட்ட பண்ணை உன் பக்கத்துலயே இருக்கு, வாலஸ்டவுன்ல சதர்ன் டெய்ரி ஹப். ஃபீல்டு டே வெச்சா முதலாளியை இழுத்துட்டுப் போ. நம்ம வாய்ல கேக்காததை அங்க கேப்பாங்க.

---

வன்னியான்

தம்பி, வாசிச்சுப்போட்டு மனசு சரியில்லை. நான் கோர் பக்கம் இருக்கிறன், 2012 இல வந்தனான்.

2014 குளிர்காலம் எங்கட பக்கத்தில மறக்கேலாது. அப்ப கனபேர் ஸ்வீட் எண்டு ஒரு கிழங்கு போட்டவை. (பேரைக் கேட்டு முதல் நாள் நான் மைசூர்பாகு எண்டு நினைச்சது வேற கதை. அது டர்னிப்புக்கு அண்ணன்.) அந்த வருசம் குளிர் பெரிசா இல்லை, கிழங்கு வேளைக்கே தண்டு விட்டுது. சினை மாடுகள் மெலிஞ்சு, ஈரல் பழுதாகி, வெள்ளைத் தோல் இருந்த இடமெல்லாம் வெந்த மாதிரி உரிஞ்சுது. கன மாடு செத்துது. பிறகு பால் பண்ணைக்காரற்ற அமைப்பான டெய்ரிஎன்இசட் ஆக்கள் ஆராய்ஞ்சு, களைகொல்லி தாங்கிற ரக ஸ்வீட்டில குளுக்கோசினோலேட் எண்ட சாமான் கூட, தண்டும் புது இலையும் வந்தா இன்னும் கூட எண்டு சொல்லி, அந்த ரகத்தை சினை முத்தின மாட்டுக்குக் குடுக்க வேண்டாம் எண்டவை. அதுக்கு முதல் எங்களுக்கு ஸ்வீட் எண்டா ஸ்வீட் தான், ரகம் பாத்தது ஆர்?

சேத்தையும் கவனியுங்கோ. மாடு ஒரு நாளைக்கு 8 மணித்தியாலமாவது படுக்கோணும். சேறு எண்டா படுக்காது, நிண்டுகொண்டே இருக்கும், தின்னுறது குளிருக்கே போயிடும். 2019 இல அரசாங்கம் இதுக்கெண்டே குழு போட்டது, சேத்துக்க மாடு கன்று போடுற படங்களை ஊரெல்லாம் பாத்த பிறகு. நான் காலமை கம்பூட் குதியை மண்ணில ஊண்டித் திருப்பிப் பாப்பன். தண்ணி ஊறி நிண்டா மாட்டை மேட்டுப் புல்லுக்கு மாத்திப்போடுவன். மேய்ச்சலும் மேட்டில இருந்து பள்ளத்துக்கு. தின்னாத பயிர் கீழ நிண்டா ஓடுற சேத்தை அதுவே மறிக்கும்.

---

லிங்கன்_அக்கா

வன்னியான் அண்ணா சொன்னதோட ஒண்ணு. மாடு தின்னு முடிச்ச வெறும் மண்ணுல மூத்திர நைட்ரஜனை உறிஞ்ச ஒரு செடி கூட இருக்காது. மழை அதை நைட்ரேட்டா கீழ இறக்கிடும். எங்ககிட்ட அரை மீட்டர் விட்டம், 70 சென்டிமீட்டர் ஆழத்துல மண்ணை அப்படியே உருளையா வெட்டி எடுத்து, அடியில குழாய் வெச்சு, சொட்டற தண்ணியை அளக்கற அமைப்பு இருக்கு. லைசிமீட்டர்னு பேரு. மூத்திரம் ஊத்தின உருளையில குளிர்காலத்துலயே ஓட்ஸ் விதைச்சு பாத்தப்போ, கீழ போற நைட்ரேட் சராசரியா மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. மண்ணு டிராக்டரைத் தாங்கற அன்னைக்கே ஓட்ஸ் போட்டுடணும். தம்பி இப்போ மாட்டைப் பாரு, அதை அப்புறம் பேசுவோம்.

---

வின்டன்_கொங்கன்

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு நாளா மம்பட்டியோட பேடக்லயே கெடந்தேன்.

பல்க்ளூத்தா அண்ணா, வலிக்குது, ஆனா நீங்க சொன்னதுதான். கம்பியைத்தான் முதல்ல தள்ளினேன். அன்னைக்கு டிராக்டர் வேற ஸ்டார்ட் ஆகலை, பேலேஜ் போக முக்கா மணி நேரம் ஆயிருச்சு.

அக்கா, நாலு இடத்துல தோண்டினேன். மேல ரெண்டு இடத்துல சதுர மீட்டருக்கு கிழங்கு 12, 13 கிலோ. கீழ ரெண்டு இடத்துல 18, 19! கிழங்கு ஒண்ணொண்ணும் மட்டை உரிக்காத தேங்காய் தண்டி இருக்குது. வயசான பக்கத்து ஆள்கிட்ட கேட்டா, கீழ்க்கோடில முந்தி சைலேஜ் குழி (புல்லைப் புளிக்க வெக்கற குழி) இருந்துச்சாம், சத்து அங்கதான் தேங்கிருக்குது. இலை மூணு கிலோ. ட்ரை மேட்டர் கிழங்குக்கு 16, இலைக்கு 10 சதவீதம்னு போட்டா சராசரியே 28 டன் வருது. கீழ்க்கோடில கிட்டத்தட்ட 33. அங்க நின்ன மாட்டுக்கு 3 கிலோன்னு நெனச்சு 5 கிலோ வெச்சிருக்கறேன். 67 எப்பவும் கீழ்க்கோடிலதான் நிக்கும்.

அந்த 20 டன், ஏப்ரல்ல கேட் ஓரமா ஒரே ஒரு இடத்துல அளந்ததாமுங்க. மேல்கோடி.

நோட்டுல எழுதிக் காட்டினேன். முதலாளி ரெண்டு தடவை படிச்சார், ஒண்ணும் பேசலை. அப்பறம் அவரே கம்பி ரீலைத் தூக்கிட்டுப் போயி, கீழ்க்கோடில மட்டும் கம்பியைப் பின்னால இழுத்து சாய்வா கட்டினார். இப்போ மேல 1 மீட்டர், கீழ 60 சென்டிமீட்டர். பேலேஜ் முதல்ல. ஆறுல அஞ்சு தெளிஞ்சுருச்சு, ஒண்ணு இன்னும் மந்தமா இருக்குது, தனியா வெச்சிருக்கறேன்.

டிசிபி மூட்டை நாளைக்கு வருது. ஈரமான பேலேஜ் மேல தூவினா ஒட்டுமுங்களா, இல்ல தண்ணியில கரைச்சு ஊத்தணுமா?

---

பல்க்ளூத்தா_அண்ணன்

தூவினாப் போதும். ஆனா காத்தடிக்கற பக்கம் நிக்காதே, மூஞ்சி பூரா விபூதி ஆயிடும்.

---

வன்னியான்

அந்தக் கீழ்க்கோடிக்கு ஓட்ஸ் விதை இப்பவே சொல்லி வையுங்கோ தம்பி. செப்டம்பரில தேடினா கிடையாது.