வருஷத்துக்கு ஒருமுறை முழு வேதாகமம்: அவசியமா?

பனைவிளை:
வார நாட்களில் தினம் 3 அதிகாரம், ஞாயிறு 5. இப்படிப் போனால் 1189 அதிகாரமும் ஒரே வருஷத்தில் முடிந்துவிடும். மூன்று வருஷமாக, பலியும் சட்டமுமாக நீளும் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்திலேயே படுத்துக்கொண்டிருந்த நான் இந்த வருஷம் அதைத் தாண்டிவிட்டேன். விசுவாசிகள் எல்லோரும் இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பேன். பிடித்த நாலு சங்கீதத்தையே புரட்டிக்கொண்டிருப்பது வேத வாசிப்பு இல்லை.

மாலைநேரத்தான்:
அண்ணாச்சி, தாண்டினீர்கள், சரி. மனதில் என்ன நின்றது? என் தாத்தா 16 தடவை முழுசாக முடித்தவர். ஒவ்வொரு தடவையும் பின்னட்டையின் உள்பக்கம் தேதி போட்டு வைப்பார். களை எடுத்த பெண்களுக்குக் கூலியை மட்டும் வாரக்கணக்கில் இழுத்தடிப்பார். கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருக்கச் சொல்கிறது யாக்கோபு 1:22. அதையும் அவர் 16 தடவை படித்திருப்பார்தானே?

பனைவிளை:
தாத்தா செய்தது தப்புதான் தம்பி. ஆனால் நாமெல்லாம் ஓடித் தப்பிக்கிற அந்த லேவியராகமத்தில்தான் கூலி விஷயமும் இருக்கிறது. 19:13 பாருங்கள். வேலை செய்தவனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக் கூடாது என்கிறது. பிப்ரவரி முதல் வாரம் அதை வாசித்தேன். வீட்டுச் சுவர் பூசிய கொத்தனாரிடம் "சனிக்கிழமை வாங்கிக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்த நேரம் அது. அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அட்டவணை இல்லாவிட்டால் நானாக அந்தப் பக்கம் போயிருப்பேனா?

நாமே பொறுக்கி எடுத்தால், தேவன் நம்மேல் நினைத்திருப்பது சமாதானத்துக்கான நினைவுகளே என்கிற எரேமியா 29:11 மாதிரி வசனம்தான் கையில் வரும். புது வருஷ வாக்குத்தத்த அட்டைக்கு அழகான வசனம். அதற்கு முந்தின வசனத்திலேயே பாபிலோனில் 70 வருஷச் சிறையிருப்பு என்று இருப்பதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

திருப்பலி வாசகி:
கத்தோலிக்கர்களான எங்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது. திருப்பலியில் வாசிக்கத் திருச்சபையே பகுதிகளைக் குறித்துவைத்திருக்கிறது: ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி, வார நாட்களின் முதல் வாசகம் ஈராண்டு. தேர்ந்தெடுக்கிற வேலை நமக்கு இல்லை, பகுதியும் சின்னது. காலையில் வாசித்தால் சமைத்து முடிக்கும்வரை மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம், 1189 என்பது உங்கள் 66 நூல்களின் கணக்கு. எங்களுக்கு 73!

பனைவிளை:
அப்படியானால் இன்னும் அதிகம் வாசிக்க வேண்டியிருக்கிறதே அக்கா.

மாலைநேரத்தான்:
அக்கா சொல்கிற முறை எனக்கு ஒத்துவரும். அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். அதற்கப்புறமும் நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்? என் பாட்டிக்குத் தெரியாது. எல்லாம் காதால் கேட்டதுதான். ஆனால் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைப் பானையில் போடாமல் இருக்க மாட்டார். தாத்தா தராத கூலியைத் தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறமாய்ப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அவர் விசுவாசி இல்லையா?

பனைவிளை:
பாட்டியை யார் சொன்னது? எழுத்து தெரிந்தும் வாசிக்காத நம்மைச் சொன்னேன். அது சரி, பாட்டிக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்?

மாலைநேரத்தான்:
தாத்தாதான். தினம் சாயங்கால ஜெபத்தில், சத்தமாக.