எச்பிவி வைரஸால வர்ற தொண்டை கேன்சர், ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

கேள்வி: மாமாவுக்கு டான்சில்ல கேன்சர், பயாப்ஸில பி16 பாசிட்டிவ் (எச்பிவியால வந்ததுக்கு அடையாளமா பாக்குற புரதம்). நல்லா குணமாகுற வகைன்னு டாக்டர் சொல்றாரு, நம்பலாமா? ஜீன் டெஸ்ட்டும் வேணுமா?

பதில் 1: நம்பலாங்க. 2010ல வந்த அமெரிக்க ஆய்வுல 3 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க எச்பிவி பாசிட்டிவ்ல 82 சதவீதம், நெகட்டிவ்ல 57தான். புகையிலை கேன்சர்ல பெரும்பாலும் டிபி53 ஜீனே (கேன்சரத் தடுக்குற பி53 புரதத்த உருவாக்குற ஜீன்) கெட்டுப் போயிருக்கும், எச்பிவி கேன்சர்ல வைரஸோட இ6 புரதம் அந்த பி53 புரதத்த அழிக்குதே தவிர ஜீன் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு, ரேடியேஷனுக்கு நல்லா கேக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க.

பதில் 2: மாமா சிகரெட் பிடிப்பாரா? புகைச்சவங்களுக்கு அதே ஆய்வுல ரிசல்ட் கொறஞ்சுது, டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

பதில் 3: ஜீன் டெஸ்ட்ட பொறுத்தவரைக்கும், கேன்சர் செல்லுல டிராஃப்3ங்கிற ஜீன்ல மாற்றம் இருந்தா இன்னும் நல்லதுன்னு ஆய்வு இருக்கு, ஆனா அத வெச்சு யாரும் ட்ரீட்மெண்ட்ட மாத்துறதில்ல. சிஸ்பிளாட்டின்ங்கிற கீமோ மருந்துக்கு பதிலா செட்டக்சிமாப்ங்கிற வேற மருந்து குடுத்து பாத்து 2018ல ரிசல்ட் மோசமாத்தான் வந்துச்சு, அதனால கீமோவ கொறைக்க சொல்லி தயவுசெஞ்சு கேக்காதீங்க.