மரபுச் சின்னமா, ஊர் மரபிடமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நகரமைப்பு மாணவர்களுக்கான பாடம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கம்யூனிட்டி ஹெரிட்டேஜ் சைட்', பேரிடருக்குப் பின் நகரம் மீள்வதைக் குறிக்கும் 'அர்பன் ரெக்கவரி' இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். முன்வரைவில் முதலாவதற்குச் 'சமூகப் பாரம்பரியச் சின்னம்' என்று இருக்கிறது. சின்னம் என்றால் வேலி போட்டு, டிக்கெட் வாங்கிப் பார்ப்பது. பாடத்தில் வருவது காத்மாண்டுவின் காஷ்டமண்டபம். வழிப்போக்கர் தங்கிய மரச்சத்திரம். ஊருக்கே அதனால்தான் அந்தப் பெயர். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் அது விழுந்தபோது உள்ளே இரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. அதைப் போய்ச் சின்னம் என்பதா?
– செ.

இலங்கையில் எங்கட பாடநூல்களில் 'மரபுரிமை' பழகின சொல். யாருடையது என்பதும் அதிலேயே வந்துவிடும். ரெக்கவரிக்கு மட்டும் 'மீட்பு' போடாதேங்கோ. இடிபாட்டுக்குள் இருந்து ஆளை எடுப்பதுதான் மீட்பு. ஆழிப்பேரலைக்குப் பிறகு நாங்கள் 'மீள்கட்டுமானம்' என்றே எழுதினோம்.
– ந.

'சமூகம்' எதற்கு? நம்மிடம் 'பொதியில்' இருக்கிறது. பொது + இல். 'வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்' என்கிறது பட்டினப்பாலை. வம்பலர், ஊருக்குப் புதியவர். அவர்கள் தங்குகிறார்கள், தூண் நிற்கிறது, அந்தியில் ஏற்றிய விளக்கு அணையாமல் எரிகிறது, பலர் தொழுகிறார்கள். உங்கள் காத்மாண்டு மண்டபம் இதுவேதான். பொதியமலையின் பெயரும் இதே வேர் என்பது என் துணிபு. பௌத்தத்தின் 'போதி'யிலிருந்து வந்தது என்பார் கூற்றை நான் ஏற்பதில்லை. அதை விரிவாக எழுதுகிறேன்.
– அ.

ஐயா, படித்ததும் சிலிர்த்துவிட்டது. ஆனால் முதலாண்டு மாணவர் 'பொதியில்' என்றதும் மூட்டையைத்தான் நினைப்பார். 'சமூகம்' வேண்டாம் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன், காரணம் வேறு. நம் பேச்சில் அது சாதியைக் குறிக்கப் போய்விட்டது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான நேவார்களின் குத்திகள், அதாவது அறக்கட்டளை போன்ற ஊர்ச் சங்கங்கள்தான் அங்கே கோயிலையும் சத்திரத்தையும் நிலத்தையும் விழாவையும் பேணுகின்றன. பல குத்திகள் குலவழி வருபவை. குழப்பம் இன்னும் கூடும்.

ந., 'உரிமை' பற்றிச் சொன்னது சரி. 2019இல் குத்தி நிலங்களை ஆணையத்தின் கீழ் கொண்டுவர நேபாள அரசு மசோதா கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள், மசோதா திரும்பப் பெறப்பட்டது. 'மீள்கட்டுமானம்' மட்டும் எனக்கு உறுத்துகிறது. கான்கிரீட்டும் எஃகும் வைத்துக் கட்டினாலும் அது மீள்கட்டுமானந்தானே? காஷ்டமண்டபத்துக்கு அப்படி ஒரு திட்டம் வந்தபோது ஊரார் எதிர்த்தார்கள். மரம், செங்கல், மண்சாந்து என்று பழைய முறையிலேயே எழுப்பி 2022இல் திறந்தார்கள். அப்புறம் மறுபடி மக்கள் வந்து உட்கார்ந்தார்களே, அதற்கும் சேர்த்துச் சொல் வேண்டும். 'மீண்டெழல்' சரிவருமா?
– செ.

மீண்டெழல் நல்லது. 'மரபுரிமை'யை விட்டுக்கொடுக்க மனமில்லை.
– ந.

நாள் இல்லை. 'ஊர் மரபிடம்', 'நகர் மீண்டெழல்' என்று அனுப்பிவிட்டேன். நால்வர் சரி என்றார்கள்.
– செ.

எனக்கு உடன்பாடில்லை. 'மரபிடம்' என்பதில் எதையும் வைக்கலாம். 'பொதியில்' என்றால் தூணும் விளக்கும் படுத்துறங்கும் ஆளும் கண்ணில் தெரிகிறார்கள். அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். பொதியமலை பற்றி நாளை.
– அ.