மறு: இன்ஃப்ராரெட் ஹீட்டிங்குக்கு ‘அனற்கதிர்’ போதாதா?

ஐயா வணக்கம். நீங்க சொன்ன ‘அகச்சிவப்புக் கதிர்வீச்சு வெப்பமூட்டல்’ பாடப்புத்தகத்துக்கு சரி, மார்த்தாண்டத்துல ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை (இரும்புல பெயிண்ட் பவுடரத் தூவி சூட்டுல உருக்கிப் பிடிக்க வைக்கிற எடம்) மெஷின் மேல இத யாரு எழுதி ஒட்டுவா? அதுலயும் ‘கதிர்வீச்சு’ எங்க பக்கம் ஆகாத சொல்லாக்கும். மணவாளக்குறிச்சி மண்ணுல மோனசைட்டுங்கிற கனிமம், அதுல கதிரியக்கம் உள்ள தோரியம், கிழக்கால போனா கூடங்குளம், அந்தச் சொல்லக் கேட்டாலே பயப்படுற ஜனம், இந்த அடுப்புக்கும் அதே பேர வச்சா வேலைக்கு ஆளு வரமாட்டான்.

‘சிவப்பு’லயும் சிக்கல் உண்டு. செராமிக் ஹீட்டர் 400 டிகிரி செல்சியஸ்ல கெடந்தாலும் கண்ணுக்கு சிவக்காது, சுமார் 525 தாண்டினாத்தான் லேசா சிவப்பு தட்டும். ஆஃப்ல இருக்குன்னு நெனச்சு கை வச்சா தோலு போயிரும். 1800ல வானியலாளர் ஹெர்ஷல் இந்தக் கதிரக் கண்டுபிடிச்சதே, வெயில் வெளிச்சத்தப் பிரிச்ச நிறமாலையில சிவப்பு முடிஞ்சு இருட்டா இருந்த எடத்துல வச்ச தெர்மாமீட்டர் ஏறுனதப் பாத்துத்தான்.

அதனால ‘அனற்கதிர்’ங்கேன். அடுப்பு முன்னால நின்னா அனல் அடிக்குதுன்னு சொல்லுவோம்லா, முகம் சுடும், முதுகு சுடாது. கதிர்னு சேத்தா நேர்கோட்டுல போறதும் புரிஞ்சிரும், பட்டறைக்காரனுக்கு வேண்டியது அதுதான், ஏன்னா பூவேலை வச்ச இரும்பு கேட்ட உள்ள ஏத்துனா ஹீட்டர நேரா பாக்குற பக்கம் பவுடர் உருகிப் பிடிச்சிரும், வளைவுக்குப் பின்னால மறைஞ்ச எடத்துல விரல வச்சா மாவா உதிரும். அதுக்குத்தான் மொதல்ல இதுல காட்டிட்டு அப்புறம் சூடுகாத்து ஓவன்ல தள்ளுறது. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயுற ஸ்மோக் ஹவுஸ்ல முக்கியமா சுத்தி வர்ற சூடுகாத்துதான் வேலை செய்யுது, அத அனற்கதிர்ல சேக்கப்படாது.

‘வெப்பமூட்டல்’ வாலும் வேண்டாம். வாழையிலைய தணல்ல காட்டுற மாதிரி ‘அனற்கதிரில் காட்டுதல்’, வினை முடிஞ்சுது. ஈரத்த எடுக்குறதுக்கு ‘அனற்கதிர் உலர்த்தி’. தண்ணி 3 மைக்ரான் பக்கத்து அலைநீளத்த நல்லா இழுக்கும்ங்கதால எந்த அலைநீளம்னு தெரிய ‘இடையலை’ (மீடியம் வேவ்), ‘நெட்டலை’ (லாங் வேவ்)ன்னு முன்னால சேத்துக்கிடலாம். டிவி ரிமோட்டும் இருட்டுல பாக்குற சிசிடிவி கேமராவும் அகச்சிவப்பாவே இருந்துட்டுப் போகட்டும், அங்க சூடு பேச்சே இல்ல.

‘அனல் மின்நிலையத்தோட குழம்பாதா’ன்னு இங்க ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தாவ. குழம்பாது, பின்னால கதிர் நிக்குதே.

எனக்குப் பேரு கிடைக்காம முட்டுறது எமிட்டர்தான், அதாவது ஹீட்டர்ல இந்தக் கதிர விடுற பாகம். குவார்ட்ஸ் டியூப்ப ‘அனற்கதிர் விளக்கு’ன்னு சொல்லிரலாம், வெளிச்சமே விடாத செராமிக் கட்டைக்கு விளக்குன்னு எப்படி வைக்க? ‘உமிழி’ எனக்குப் பிடிக்கல, துப்புற மாதிரி இருக்கு. வேற யாருக்காவது ஏதாவது தோணுதா?