பழைய வண்டிக்கு வீல் அலைன்மென்ட்: கையேட்டில் உள்ள எண்ணா, ரேடியலுக்கு ஏற்ற எண்ணா?

நேர்கோடு:
எல்லோருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது எழுபதுகளில் வந்த ஒரு செடான். ரியர் வீல் டிரைவ். சஸ்பென்ஷன் முன்னால டபுள் விஷ்போன், பின்னால லீஃப் ஸ்பிரிங். பவர் ஸ்டீயரிங் கிடையாது. 13 இஞ்ச் ரிம், ரேடியல் டயர் (இப்போ பொதுவா வர்ற வகை). ரேஸ் எதுவும் இல்லை, தினசரி ரோட்டில் ஓட்டுற வண்டி. முன்பக்க புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் எல்லாம் புதுசா மாத்தியாச்சு.

கம்பெனி கையேட்டில் இருக்கிறபடியே அலைன்மென்ட் வச்சிருக்கேன்: கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தா சக்கரத்தோட சாய்வு; மேல்பக்கம் வெளியே சாய்ஞ்சா பாசிட்டிவ், உள்ளே சாய்ஞ்சா நெகட்டிவ்) பாசிட்டிவ் அரை டிகிரி, கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தா ஸ்டீயரிங் அச்சு பின்னால சாய்ஞ்சிருக்கிற அளவு) 1 டிகிரி, டோ-இன் (மேலிருந்து பார்த்தா முன்சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்நோக்கி இருக்கிற அளவு; வெளிநோக்கின்னா டோ-அவுட்) 3 மி.மீ. ஊருக்குள்ள குறையே இல்லை. 80 கி.மீ. வேகத்துக்கு மேல போனா வண்டி அலையுது. ஒரு பக்கமா இழுக்கலை, ஆனா ஸ்டீயரிங்கை விடாம திருத்திக்கிட்டே இருக்கணும். கேஸ்டரை 3க்கு ஏத்து, கேம்பரை நெகட்டிவ் ஆக்குன்னு சிலர் சொல்றாங்க. கையேட்டை மீறலாமா?

பழையஇரும்பு:
மீற வேண்டாம். அந்த எண்களை வைத்தவர்கள் அந்த வண்டியை வடிவமைத்த பொறியாளர்கள். எண்ணை மாற்றும் முன் அவர்கள் சொன்ன நிலையில்தான் அளந்தீர்களா என்று பாருங்கள். கையேட்டில் எண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு நிபந்தனையும் இருக்கும்: காலி வண்டியா, ஆள் ஏற்றியதா, டேங்க் நிரம்பியதா, தரையிலிருந்து உயரம் எவ்வளவு. பி.எம்.டபிள்யூவின் பழைய கையேடுகளில் முன் இருக்கை இரண்டிலும் தலா 68 கிலோ, பின் இருக்கை நடுவில் 68 கிலோ வைத்து அளக்கச் சொல்வார்கள். ஐம்பது வருஷ ஸ்பிரிங் தாழ்ந்திருந்தால் கேம்பரும் டோவும் அப்போதே மாறிவிட்டன. அலைன்மென்ட் மெஷின் பச்சை காட்டுகிறது என்பதால் வண்டி சரியாக இருக்கிறது என்று ஆகாது.

ரப்பர்வாசம்:
ஐயா, உயரத்தைப் பாருங்கன்னு சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்த எண் எந்த டயருக்கு எழுதினது? மிஷ்லின் ரேடியலை 1949லயே விற்பனைக்குக் கொண்டு வந்துட்டாங்க. இருந்தும் பல கம்பெனிகள் எழுபதுகள் வரைக்கும் கிராஸ் பிளை டயரை (உள் நூல் அடுக்குகள் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே ஓடுற பழைய வகை) மனசுல வச்சுத்தான் சஸ்பென்ஷன் அமைச்சாங்க. கிராஸ் பிளை விறைப்பான டயர். சக்கரம் சாய்ஞ்சா அது சாயுற பக்கம் பலமா தள்ளும். ரேடியலோட பக்கச்சுவர் வளைஞ்சு கொடுக்கும், அதனால அந்தத் தள்ளு கம்மி. கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் கொடுத்தா ரேடியல் தாங்கும், வளைவுல பிடிப்பும் கூடும்.

பாசிட்டிவ் கேம்பர் வச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டயர் தரையைத் தொடுற இடம் ஸ்டீயரிங் அச்சுக்குக் கிட்ட வரும், கைக்கு லேசாகும். கேஸ்டரை 1லயே நிறுத்தினதும் அதே லேசுக்காகத்தான். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்துல பார்க்கிங்ல திருப்ப முடியணும்னு எடுத்த முடிவு அது. 80க்கு மேல நேரா நிக்கணும்னு எடுத்த முடிவு இல்லை.

பழையஇரும்பு:
அந்த முடிவில் தவறென்ன? இவருக்கும் பவர் ஸ்டீயரிங் இல்லையே. கேஸ்டரை 3க்கு ஏற்றிவிட்டு வண்டியை நிறுத்துமிடத்தில் திருப்பிப் பாருங்கள், தோள் வலிக்கும். ஸ்டீயரிங் பாக்ஸ் (ஸ்டீயரிங் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டி), ஐட்லர் ஆர்ம் (மறுபக்கம் அந்த இணைப்பைத் தாங்கும் கை) இரண்டுக்கும் சுமை கூடும்.

மலைப்பாதை:
நெகட்டிவ் 1.5 கேம்பர், கேஸ்டர் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு, டோ ஜீரோ. வளைவில் வண்டி வேற மாதிரி ஆயிடும். நான் அப்படித்தான் ஓட்டறேன்.

பட்டறைக்கை:
மலைப்பாதை, உங்க ரோடு வளைவா இருக்கு, உங்களுக்கு அது சரி. இவர் நேர் ரோட்டுக்காரர். நெகட்டிவ் 1.5ல நேரா ஓடிட்டே இருந்தா டயரோட உள்பக்கம் முதல்ல தேயும். டோ ஜீரோவும் இந்த வண்டிக்கு ஆகாது. ரியர் வீல் டிரைவ் வண்டி ஓடும்போது ரோடு முன்சக்கரத்தைப் பின்னால தள்ளும், புஷ்ல இருக்கிற ரப்பர் அமுங்கும், சக்கரம் டோ-அவுட் பக்கம் திறக்கும். நிக்கும்போது ஜீரோவா இருந்தது ஓடும்போது டோ-அவுட். அந்த நிலையில வண்டி அலையத்தான் செய்யும். அதுக்காகத்தான் நிக்கும்போதே கொஞ்சம் டோ-இன் வைக்கிறது.

நேர்கோடு சார், கேஸ்டரைப் பத்தி ஒரு கணக்கு சொல்றேன். நிதானமா பாருங்க. சக்கரத்தை 20 டிகிரி திருப்பினா, கேஸ்டர்ல சுமார் மூணுல ஒரு பங்கு வெளிச்சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பரா வரும். கேஸ்டர் 1ன்னா 0.34 டிகிரி. கேஸ்டர் 3ன்னா கிட்டத்தட்ட 1 டிகிரி. ஆனா கிங்பின் சாய்வு (முன்னாலிருந்து பார்த்தா ஸ்டீயரிங் அச்சு உள்ளே சாய்ஞ்சிருக்கிறது) எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்தச் சாய்வு 8 டிகிரின்னு வச்சுக்கிட்டா, அதே 20 டிகிரி திருப்பத்துல அது அரை டிகிரி பாசிட்டிவ் கொடுக்கும். அப்போ கேஸ்டர் 1ல வெளிச்சக்கரம் திரும்பும்போது பாசிட்டிவ் பக்கம் போகுது. கேஸ்டர் 3ல நெகட்டிவ் பக்கம் போகுது. நேரா ஓடும்போது டயரைத் தேய்க்காம வளைவுல மட்டும் கேம்பர் கிடைக்கிற வழி இதுதான். சைக்கிள்ல கையை விட்டு ஓட்டுறதுக்கு முன் ஃபோர்க் சாய்ஞ்சிருக்கிறதும் உதவுது. நேரா நிக்கிற குணமும் அந்தச் சாய்விலேயே சேர்ந்து வந்துடும்.

கேஸ்டரால மட்டும் டயர் தேயாது. அதிகமா தின்னுறது டோ. அதனால எனக்கு இதுல சண்டையே கேஸ்டருக்காகத்தான்.

நேர்கோடு:
அப்போ டோ 3 மி.மீ. சரியா, தப்பா?

பட்டறைக்கை:
எங்க அளந்த 3 மி.மீ.? இதைத்தான் யாரும் கேட்கிறதில்லை. ரிம் ஓரத்துல அளந்தா குறுக்களவு சுமார் 350 மி.மீ., 3 மி.மீ.ன்னா 0.49 டிகிரி. டயர் மேற்பரப்புல அளந்தா குறுக்களவு சுமார் 570, அதே 3 மி.மீ. 0.30 டிகிரி. மெஷின்ல டிகிரியா போடும்போது இது ரெண்டும் ஒண்ணு இல்லை. 0.30 மொத்த டோன்னா ஒவ்வொரு சக்கரமும் ஒரு கிலோமீட்டருக்கு 2.6 மீட்டர் பக்கவாட்டுல தேய்க்குது. 0.49ன்னா 4.3 மீட்டர். உங்க கையேட்டுல எங்க அளக்கணும்னு இருக்குன்னு பாருங்க.

பழையஇரும்பு:
இது நல்ல கேள்வி. கையேட்டை முழுசாகப் படித்தால்தான் இந்த வித்தியாசமே தெரியும். எண்ணை மட்டும் பெயர்த்தெடுத்தால் தெரியாது. நான் சொல்ல வந்ததும் அதுவே.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் உள்ளது ரேக் (பல் சட்டம்) அல்ல, ஸ்டீயரிங் பாக்ஸ் என்றால் நடுவில் மட்டும் இறுக்கமாகவும் இரு பக்கமும் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படி செய்திருப்பார்கள். நேராகப் போகும்போது பாக்ஸ் அந்த நடு இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டீயரிங் வீல் கோணலாக இருக்கிறதென்று அதைக் கழற்றி வேறு பல்லில் மாட்டிவிட்டால், பாக்ஸ் நேர் ரோட்டில் எப்போதும் தளர்வான இடத்திலேயே கிடக்கும். நீங்கள் சொல்கிற அலைச்சல் அப்படியே வரும். கேஸ்டரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்.

ரப்பர்வாசம்:
இதை ஒத்துக்கறேன். ஆனா பாக்ஸ் நடுவுல இருந்தும் அலைஞ்சா? அப்போ கேஸ்டர்தானே மிச்சம்?

பழையஇரும்பு:
பின் அச்சும் இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் உடைந்தோ நகர்ந்தோ இருந்தால் அச்சு கோணலாக நிற்கும், வண்டி பக்கவாட்டில் சாய்ந்து ஓடும். நான்கு சக்கரத்தையும் அளக்கும் மெஷினில் த்ரஸ்ட் ஆங்கிள் என்று காட்டுவது அதைத்தான். அது ஜீரோவுக்குக் கிட்ட இருந்து, பாக்ஸும் நடுவில் இருந்து, உயரமும் சரியாக இருந்து, அதன் பிறகும் அலைந்தால் கேஸ்டரை 2 வரை ஏற்றுவதற்கு எனக்கு மறுப்பில்லை. 3க்கு மறுப்பு உண்டு. கேம்பரை நெகட்டிவ் ஆக்குவதற்கும் உண்டு. ஆட்கள் ஏறி வண்டி இறங்கினால் கேம்பர் தானாகவே நெகட்டிவ் பக்கம் போகும். அந்த இடத்தை விட்டுவைக்கத்தான் பாசிட்டிவில் தொடங்கினார்கள்.

ரப்பர்வாசம்:
அஞ்சு பேர் ஏறுறது எத்தனை நாள்? பெரும்பாலும் டிரைவர் ஒருத்தர்தான். டிரைவர் உட்கார்ந்திருக்கும்போது ஜீரோவுல இருந்து நெகட்டிவ் கால் டிகிரிக்குள்ள வைங்க. ரேடியலுக்கு அதனால ஒரு கெடுதலும் வராது. முன்சக்கரம் வளைவுல வெளியே வழுக்குறதும் குறையும்.

நேர்கோடு:
மெஷின் ஷீட்டை மறுபடி பார்த்தேன். த்ரஸ்ட் ஆங்கிள் 0.03. பாக்ஸ் நடுவுலதான் இருக்கு, ஸ்டீயரிங்கைக் கழட்டவே இல்லை. உயரம் கையேட்டில் சொன்னதைவிட இடது 12 மி.மீ., வலது 15 மி.மீ. தாழ்வு. டோவை டயர் மேற்பரப்பில் அளக்கணும்னு கையேட்டில் இருக்கு, ஆனா போட்டது ரிம் கணக்கில்.

பட்டறைக்கை:
ஆக டோ இப்போ வேணுங்கிறதைவிட அதிகம். அதிகம்கிறதுக்கு சாட்சி டயரிலேயே இருக்கும். உள்ளங்கையைக் குறுக்கே தடவிப் பாருங்க. வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுவழுன்னும், உள்ளேயிருந்து வெளியே வரும்போது கூர்மையாவும் இருந்தா டோ-இன் கூடிப்போச்சு.

புது ஸ்பிரிங் போட்டு உயரத்தைச் சரி பண்ணுங்க. ஸ்பிரிங் படிஞ்சு உட்காரக் கொஞ்ச தூரம் ஓட்டுங்க. டயர் காத்தைச் சரிபாருங்க. டிரைவர் சீட்ல உங்க எடைக்கு மூட்டை வச்சு அளக்கச் சொல்லுங்க. முதல்ல கேஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியா டோ. ஷிம்மை (கேஸ்டர், கேம்பரைச் சரிசெய்ய வைக்கிற மெல்லிய தகடு) மாத்தினா டோ கலையும், அதனால இந்த வரிசை மாறக் கூடாது. கேஸ்டர் 2.5. ரோடு சரிவுக்காக ஓரத்துப் பக்கச் சக்கரத்துக்கு கால் டிகிரி கூட. வண்டி எப்பவும் கேஸ்டர் கம்மியான பக்கம்தான் இழுக்கும், சரிவை அது ஈடு கட்டிடும். கேம்பர் ரெண்டு பக்கமும் ஒண்ணா, ஜீரோ. டோ-இன் மொத்தம் 0.20 டிகிரி.

ரப்பர்வாசம்:
2.5ஓ 3ஓ, ஷிம் எது வரைக்கும் இடம் கொடுக்குதோ அது. கேம்பர்ல மட்டும் ஜீரோவோட நிறுத்தாதீங்க, கால் டிகிரி நெகட்டிவ் கேட்டு வாங்குங்க.

பழையஇரும்பு:
ஸ்பிரிங் மாற்றி, டோவைக் கையேட்டில் சொன்ன இடத்தில் அளந்து, கேஸ்டர் 1லேயே வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் போய்விட்டால் ஷிம்மைத் தொடவே வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

நேர்கோடு:
ஸ்பிரிங் ஆர்டர் போட்டாச்சு. முதல்ல பழையஇரும்பு ஐயா சொன்னபடி கேஸ்டர் 1, டோ 0.30, டயர் கணக்கில். அப்புறம் பட்டறைக்கை சொன்ன எண். ரெண்டு மெஷின் ஷீட்டையும் இங்கேயே போடறேன்.