மெட்டாலிகாவின் 'ஜஸ்டிஸ்' ஆல்பத்தில் பேஸ் எங்கே? மறுபடியும் அதே சண்டை

நாலுகம்பி:
நேற்று ராத்திரி ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டேன். ஒன்பது பாட்டு, 65 நிமிடம். கடைசியாக இப்படி உட்கார்ந்து கேட்டது கல்லூரி நாட்களில். அப்போது தலையில் வைத்துக் கொண்டாடினேன். இடையில் நானே பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் நாலு கம்பி கிட்டார்) வாசிக்கப் பழகிவிட்டதால் இப்போது எரிச்சல்தான் வருகிறது. நல்ல ஹெட்ஃபோனைப் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்து பேஸ்காரர் ஜேசன் நியூஸ்டெட்டைத் தேடினேன். ஆளையே காணோம்.

1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து முந்தைய பேஸ்காரர் கிளிஃப் பர்ட்டன் இறந்த பிறகு குழுவுக்குள் வந்தவர் இவர். இந்தக் குழுவோடு அவருக்கு இதுதான் முதல் முழு ஆல்பம். அதில் அவர் வாசித்ததை அப்படியே அமுக்கிவிட்டார்கள். இதற்கு முந்தைய 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' ஆல்பத்தில் 'ஓரியன்' கேட்டுப் பாருங்கள், பேஸ் தனியாகப் பாடும். இரண்டே வருஷத்தில் இந்தக் கதி. என்னைக் கேட்டால் இது பாதி ஆல்பம்தான்.

கறுப்புச்சட்டை:
ஆரம்பித்துவிட்டீர்களா! பாதி ஆல்பத்தையா 1988-இலிருந்து இத்தனை பேர் தேய்த்துத் தேய்த்துக் கேட்கிறோம்?

அந்த வறட்சிதான் நண்பரே இதன் முகம். விலைபோன நீதி, கருகிய பூமி, கண்ணிவெடியில் கை கால் கண் காது எல்லாம் போய் உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிப்பாய். இதையெல்லாம் கொழுகொழுவென்ற சத்தத்தில் பாடினால் எடுபடுமா? முதல் பாட்டு 'பிளாக்கெண்ட்' ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, தொடையில் தட்டிப் பாருங்கள், நம் மிஸ்ர சாபு மாதிரி ஏழில் வந்து விழும். நாலுக்குப் பழகிய கழுத்து முதல் தடவை கட்டாயம் தடுமாறும். அந்த வேகத்தில் பாடகரும் கிட்டார்காரருமான ஹெட்ஃபீல்டின் வலது கை ஒவ்வொரு அடியையும் கத்தரித்த மாதிரி நிறுத்துகிறது. கீழே பேஸ் குழைந்துகொண்டு ஓடினால் அந்த வெட்டு தெரியவே தெரியாது.

நாலுகம்பி:
'பிளாக்கெண்ட்' எழுதியவர்களில் நியூஸ்டெட்டும் ஒருவர். எழுதினவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வீட்டு அழகைப் பேசுகிறீர்கள்.

பழையகேசட்:
சண்டைக்கு நடுவே ஒரு கிழவன். எனக்கு இந்த ஆல்பம் கிடைத்தது பாட்டுப் பதிந்து தரும் கடையில், 60 நிமிட கேசட்டில். கணக்குப் போட்டுப் பாருங்கள், பக்கத்துக்கு 30 நிமிடம், முதல் நாலு பாட்டே 30 நிமிடத்தைத் தாண்டும். நாலாவது பாட்டு 'ஒன்' கடைசி சில நொடிகள் இருக்கும்போதே 'டக்' என்று நின்றுவிடும். அதுதான் பாட்டின் முடிவு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் எட்டாவது பாட்டோடு டேப் தீர்ந்துவிடும். ஆகவே 'டையர்ஸ் ஈவ்' என்று ஒன்பதாவதாக ஒரு பாட்டு இருப்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது. கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்!

அப்புறம், பேஸ் இல்லாததற்கும் அந்தக் கடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிற்பாடு சிடி வாங்கிப் போட்டால், அதிலும் இல்லை.

மிக்ஸ்மேசை:
கிழவருக்கு ஒரு வணக்கம். கொஞ்சம் தொழில் விஷயம் சொல்கிறேன்.

இதில் இரண்டு சங்கதிகள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, ஃபேடரை, அதாவது மேசையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை, கீழே இறக்கியது. பதிவான வாத்தியங்களை ஒன்றாகக் கலந்து மிக்ஸ் செய்த இருவரில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன் பின்னாளில் பேட்டியில் சொன்னதுதான்: பேஸைக் குறைக்கச் சொன்னவர் டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிச். கேட்டும் கேட்காததுமாக வைத்துக் காட்டிய பிறகும் இன்னும் இறக்கச் சொன்னாராம். டேப்பில் பதிவான பேஸ் அருமையாகத்தான் இருந்தது என்று தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முசென் சொல்லியிருக்கிறார். மிக்ஸ் நடந்த கோடையில் ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும் ஸ்டேடியம் ஸ்டேடியமாகக் கச்சேரி செய்துவிட்டு நடுவே ஸ்டூடியோவுக்கு வந்து போனவர்கள். காது எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டாவதை யாரும் பேசுவதில்லை. ஹெட்ஃபீல்டின் கிட்டாரில் மிட் (நடுத்தர சுருதிச் சத்தம்) சுரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது, தாழ்ந்த சுருதிச் சத்தமோ தாராளமாக இருக்கிறது. அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கிட்டார்கள். நியூஸ்டெட் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வைத்து அதே ரிஃப்பை அதே இடத்தில் வாசிக்கிறார். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்த கதைதான். ஃபேடரைக் கொஞ்சம் ஏற்றினாலும் தெளிவு வராது, குழம்பும்.

கறுப்புச்சட்டை:
இதைத்தான் சொல்ல வந்தேன். 2009-இல் 'கிட்டார் ஹீரோ: மெட்டாலிகா' வீடியோ விளையாட்டு வந்தபோது சில பாட்டுகளின் தடங்கள் தனித்தனியாக வெளியே வந்தன. ரசிகர்கள் பேஸை ஏற்றி 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்' என்று சுற்றில் விட்டார்கள். ஆசையாகக் கேட்டேன். பேஸ் என்ன வாசிக்கிறது தெரியுமா? கிட்டார் வாசிப்பதையேதான். 'ஓரியன்' மாதிரி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. புதையல் என்று தோண்டினால் வந்தது நம் வீட்டு அண்டாதான்.

நாலுகம்பி:
அண்டா என்றால் இளப்பமா?

'ஷார்ட்டஸ்ட் ஸ்ட்ரா'வை அந்தப் பதிப்பில் மறுபடி கேளுங்கள். சுரம் அதே சுரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிட்டார் நின்று நின்று வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே ஒரு எடை விழுகிறது. பிக் கம்பியில் படும் அந்தக் 'கிளக்' சத்தம் தனியாகக் காதில் விழும். அந்த வேகத்தில் ஹெட்ஃபீல்டின் கையோடு இம்மி பிசகாமல் ஒட்டி ஓடுவது லேசா? நான் ஒரு மாதம் முயன்று, பாதி வேகத்தில்தான் நிற்கிறேன். தனி ஆவர்த்தனம் இல்லை என்பதற்காக வித்தை இல்லை என்று ஆகிவிடுமா?

தவில்காதலன்:
எல்லோரும் பேஸையே கட்டி அழுகிறீர்கள். லார்ஸ் பேச்சையே காணோமே?

அவரைக் கிண்டல் செய்வது இன்று ஒரு பொழுதுபோக்கு. ஆனால் 'ஒன்' நாலரை நிமிடம் தாண்டியதும் இரண்டு கால்களும் கிக் டிரம்மில் ஆறு ஆறாகச் சுடுமே, கிட்டாரும் அதே கணக்கில் சேர்ந்துகொள்ளுமே, அதை எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? அந்தப் பாட்டில் வரும் சிப்பாயைத் தூக்கி எறிந்த வெடிச் சத்தம் அது.

மிக்ஸ்மேசை:
யோசனைக்கு முழு மதிப்பெண். வாசிப்பு வேறு விஷயம். இந்த டிரம்ஸ் டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தது. 'டையர்ஸ் ஈவ்' முதல் தடவை மேடை ஏறியது 2004-இல், ஆல்பம் வந்து 16 வருஷம் கழித்து. 'ஃப்ரேய்ட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி'யை முழுசாக வாசிக்க 2014 ஆனது. எழுதும்போது கை நீண்டுவிட்டது, வாசிக்கக் கால் எட்டவில்லை.

தவில்காதலன்:
எட்டாததை எழுதினார்களே, அதற்கு ஒரு துணிச்சல் வேண்டாமா? அடுத்த 1991 ஆல்பத்தில் எட்டுகிற உயரத்தில் மட்டும் எழுதினார்கள். கோடிக்கணக்கில் விற்றது. நான் இதைத்தான் கேட்கிறேன்.

கறுப்புச்சட்டை:
அப்படிப் போடுங்கள் தல! 2018 மறுவெளியீட்டில்கூடப் பேஸை ஏற்றவில்லை, கவனித்தீர்களா? அந்த நாளின் பதிவு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அது சரி.

நாலுகம்பி:
சரி, ஒன்று மட்டும் கேட்கிறேன். எட்டாவது பாட்டு, 'டு லிவ் இஸ் டு டை'. பர்ட்டன் விட்டுப்போன ரிஃப்களை எடுத்துக் கோத்தது, எழுதியவர்களில் அவர் பெயரும் இருக்கிறது. கிட்டத்தட்ட பத்து நிமிடம், நடுவே நாலு வரிப் பேச்சு. செத்துப்போன பேஸ்காரருக்கு அஞ்சலி. அதிலும் பேஸை அமுக்கியிருக்கிறார்களே, இதுவும் 'முகம்' கணக்கில்தான் வருமா?

கறுப்புச்சட்டை:
…இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தில் இன்னொருவர் விரலைக் கேட்க அவர்களுக்கு மனசு வரவில்லையோ என்னவோ. நியூஸ்டெட்டுக்கு அது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 'பாதி ஆல்பம்' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழையகேசட்:
என் கேசட்டில் அந்தப் பாட்டோடுதான் எல்லாம் முடியும். அதற்குப் பிறகு டேப் வெறுமனே கொஞ்ச நேரம் 'உஸ்ஸ்' என்று ஓடும். இன்றைக்கும் சிடியில் அது முடிந்த கையோடு 'டையர்ஸ் ஈவ்' பாய்ந்து வரும்போது, யாரோ அழைக்காமல் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது எனக்கு.